பீரோவில் கிடக்கும் கேசட்டுகள்: டெக்கைச் சரிசெய்வதா, ஸ்டுடியோவில் கொடுப்பதா, கீழே அனுப்புவதா?

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிலிருந்து வாசகர்கள் பலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வீட்டில் பழைய டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் இயந்திரம் இருக்கிறது. அதனுடன் கல்யாணக் கேசட், காதுகுத்துக் கேசட், பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவில் எடுத்த கேசட் என்று ஒரு அடுக்கும் இருக்கிறது. டெக்கைப் பழுதுபார்த்து நாமே கணினியில் ஏற்றிக்கொள்வதா, ஊரிலுள்ள ஸ்டுடியோவில் கொடுப்பதா, கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ அனுப்புவதா, அல்லது டெக்கை ஓடும்வரை ஓட்டி அப்படியே பார்த்துக்கொண்டிருப்பதா என்பதுதான் கேள்வி.

இதைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகள் விலையையும் வசதியையும் ஒப்பிட்டு முடித்துவிடுகின்றன. சமவெளியில் அது போதும். மலையில் அதற்கு முன்னால் பூஞ்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். எந்த வழி சரி என்பதைப் பெரும்பாலும் கேசட்டின் நிலையே முடிவு செய்கிறது. பணம் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

## இப்போதே ஏன் முடிவெடுக்க வேண்டும்

ஜேவிசி நிறுவனம் இந்த வீடியோ கேசட்டுகளின் வி.ஹெச்.எஸ். முறையை 1976இல் ஜப்பானில் வெளியிட்டது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு, வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த உறவினர்களின் கையில் நேஷனல், அகாய், ஷார்ப், ஃபுனாய் டெக்குகள் ஊருக்குள் வந்தன. எண்பதுகளின் பிற்பகுதி தொடங்கி இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள்வரை நம் வீட்டு விசேஷங்கள் எல்லாம் இந்தக் கேசட்டுகளில்தான் பதிவாயின.

டெக் தயாரிப்பைக் கடைசிவரை விடாமல் செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் டெக்குகளில் பெரும்பாலானவை, ஓடாத வேறு டெக்குகளிலிருந்து கழற்றிய உதிரிப் பாகங்களால்தான் உயிரோடு இருக்கின்றன. ஹெட் (நாடாவிலுள்ள பதிவைப் படிக்கும் பாகம்), ரப்பர் உருளை, பெல்ட் ஆகியவை தேய்ந்தால் மாற்றித்தரத் தெரிந்த மெக்கானிக்குகளும் ஓய்வு பெற்று வருகிறார்கள். நாடாவுக்கும் வயதாகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதால், "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதே எல்லா வழிகளிலும் மோசமான வழி.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கேசட்டின் நிலை. அது சுத்தமாக இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா, நாடா கசங்கியோ அறுந்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கையும் நேரமும். கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றுவதில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, கிடைக்கும் படத்தின் தரம். நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் ஒரு படச்சட்டத்துக்கு 625 வரிகள், அவற்றில் திரையில் தெரிபவை 576. வி.ஹெச்.எஸ். பதிவில் கிடைமட்டத் தெளிவு ஏறக்குறைய 240 வரிகள் மட்டுமே. ஆகவே "ஹெச்டி தரத்தில் மாற்றித் தருகிறோம்" என்று யார் சொன்னாலும், அது படத்தைப் பெரிதாக்கித் தருவதே தவிர, இல்லாத விவரத்தைக் கொண்டுவருவது அல்ல. இருக்கும் தரம் மேலும் குறையாமல் மாறுகிறதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நான்காவது, அபாயம். வழியில் தொலைவது, இயந்திரத்தில் சிக்குவது, அந்தரங்கமான காட்சிகள் பிறர் கையில் போவது ஆகியவை இதில் அடங்கும்.

ஐந்தாவது, மொத்தச் செலவு. விலைப்பட்டியலில் வராத செலவுகளையும் இதில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

## எந்த வழியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

கேசட்டை டெக்கில் போடாதீர்கள். வெயில் வரும் நேரத்தில் வாசலுக்கு எடுத்துவந்து, மேல்புறத்திலுள்ள கண்ணாடிச் சன்னல் வழியாக டார்ச் அடித்துச் சுருளைப் பாருங்கள். நல்ல நாடாச் சுருளின் மேற்பரப்பு கறுப்பாக, வழவழப்பாக, ஒரே சீராகத் தெரியும். பூஞ்சை பிடித்த சுருளில் விளிம்பையொட்டி வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பொடி தூவியதுபோல இருக்கும். சிலவற்றில் சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழைகள் வட்டமாகப் படர்ந்திருக்கும். பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கினால் வெளியே ஓடும் நாடாவையும் பார்க்கலாம். அதை விரலால் தொடக் கூடாது. பூஞ்சை தென்பட்டால் மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு, அந்தக் கேசட்டைத் தனி உறையில் போட்டு மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துவிடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், டெக்கின் உள்ளே நடப்பது அவ்வளவு நுட்பமான வேலை. கேசட்டை உள்ளே தள்ளியதும் இயந்திரம் நாடாவை வெளியே இழுத்து, 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைச் சுற்றி அணைக்கிறது. அந்த உருளை நொடிக்கு 25 சுற்று சுழல்கிறது. நாடாவோ நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவாக நகர்கிறது. உருளையில் பதிந்திருக்கும் ஹெட்டின் இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பூஞ்சைப் பொடி அங்கே அடைத்தால் படம் முழுவதும் புள்ளிமழையாகிவிடும். அதோடு அந்தப் பொடி அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொண்டு போகும். ஒரு கேசட்டின் நோயை அடுக்கு முழுவதற்கும் பரப்பும் வேலையை டெக்கே செய்துவிடும்.

மலைவீடுகளில் இந்தப் பூஞ்சை சமீப ஆண்டுகளில் கூடுதலாகத் தெரிவதற்கு நான் கவனித்த ஒரு காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். முன்பு பல வீடுகளில் ஈரம் ஏறாமல் இருக்க பீரோவுக்குள் ஒரு சிறிய குண்டு பல்பை எப்போதும் எரியவிடுவார்கள். அந்தச் சூடு துணிகளையும் ஆல்பங்களையும் கேசட்டுகளையும் காத்தது. பல்பு போனபோது அதே இடத்தில் எல்இடி பல்பை மாட்டினார்கள். வெளிச்சம் வந்தது, சூடு வரவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பீரோ இருந்தால் அந்தக் கேசட்டுகளை முதலில் பாருங்கள்.

இன்னொரு யோசனை பலருக்குத் தோன்றுவதில்லை. கல்யாணக் கேசட் பெரும்பாலும் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு பிரதி போடப்பட்டிருக்கும். உங்களிடம் இருப்பது பூஞ்சை பிடித்துப் போயிருந்தாலும், மேட்டுப்பாளையத்திலோ ஈரோட்டிலோ வாழும் சம்பந்தி வீட்டில் அதே கேசட் காய்ந்த அறையில் பத்திரமாக இருக்கலாம். எந்தச் செலவும் செய்வதற்கு முன் அங்கே ஒருமுறை போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

## வழி 1: டெக்கைச் சரிசெய்து நாமே மாற்றுவது

கேசட்டுகள் சுத்தமாக இருந்து, எண்ணிக்கை அதிகமாகவும் இருந்தால் இதுவே சிறந்த வழி. டெக்கின் பின்புறத்து மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பிளக்குகளிலிருந்து வயர் எடுத்து, ஒரு சிறிய யுஎஸ்பி மாற்றுக்கருவி வழியாகக் கணினியில் சேர்த்தால் பதிவு தொடங்கிவிடும். அந்தக் கருவி 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இந்த ஒரு விலையைப் பார்த்துத்தான் பலர் இறங்குகிறார்கள். உண்மையான செலவு டெக்கில் இருக்கிறது.

பல ஆண்டுகள் மூடிக்கிடந்த டெக்கில் பெல்ட் இளகியிருக்கும், ரப்பர் உருளை வழுக்கும், பவர் சப்ளையில் கெப்பாசிட்டர்கள் உலர்ந்தோ கசிந்தோ இருக்கும். மலையில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் ஸ்டெபிலைசர் இல்லாமல் அதை உயிர்ப்பிக்கக் கூடாது. முதல் நாள் கேசட் எதுவும் போடாமல் வெறும் டெக்கை மட்டும் ஓரிரு மணி நேரம் இயக்கத்தில் வையுங்கள். பிறகு எடுத்தெறியக்கூடிய ஒரு பழைய சினிமா கேசட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓட்டம், முன்னே சுற்றுவது, பின்னே சுற்றுவது, வெளியே தள்ளுவது ஆகிய நான்கும் பிசகாமல் நடந்த பிறகே வீட்டுக் கேசட்டைத் தொட வேண்டும். செகண்ட் ஹேண்ட் டெக் வாங்குவதாக இருந்தாலும் கடையிலேயே இந்த நான்கையும் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

நம் ஊரில் டெக் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அறிந்த இன்னொரு தொல்லை பனி. குளிர்ந்த அறையிலிருந்து டெக்கையோ கேசட்டையோ சூடான அறைக்குக் கொண்டுவந்தால் உருளையின் மீது நீர் பூக்கும். ஈரமான உருளையில் நாடா ஒட்டிக்கொண்டு கிழியும். அதற்காகவே பல டெக்குகளில் ஈரத்தை உணரும் பாகம் ஒன்று வைத்தார்கள். அது எச்சரிக்கை காட்டினால் இயந்திரம் ஓட மறுக்கும். டெக் கெட்டுவிட்டது என்று எண்ணி அடிப்பதோ திறப்பதோ வேண்டாம். இணைப்பில் வைத்தபடியே இரண்டு மணி நேரம் விட்டால் பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும். எந்த எச்சரிக்கையும் காட்டாத பழைய மாதிரிகளில் இந்தக் காத்திருப்பை நாமே கடைப்பிடிக்க வேண்டும்.

ஹெட்டைத் துடைப்பதில் ஒரு எச்சரிக்கை. பஞ்சுக்குச்சியால் மேலும் கீழுமாகத் துடைத்தால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும், பஞ்சிழையும் சிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத மெல்லிய தோலையோ வழுவழுப்பான தாளையோ உருளையின் மீது அசையாமல் வைத்துக்கொண்டு, உருளையை மட்டும் கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளில் பெரியது நேரம். இருபது கேசட் என்றால் அறுபது மணி நேர ஓட்டம். இடையில் மின்சாரம் போனால் மீண்டும் தொடக்கம். மலிவான மாற்றுக்கருவிகளில் நீண்ட பதிவின்போது படமும் ஒலியும் பிரிந்துபோவது சகஜம். வாய் அசைந்த பிறகு சொல் கேட்கும். அதனால் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் பதியாமல், முக்கால் மணிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துப் பதிவது நல்லது. கேசட்டைப் போடும் முன் அதன் முதுகுப்புறத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது. உங்களிடம் இருப்பது பதிவு வசதி இல்லாத விசிபி என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

## வழி 2: ஊரிலுள்ள ஸ்டுடியோவில் கொடுப்பது

நாலைந்து சுத்தமான கேசட்டுகள் மட்டுமே இருப்பவர்களுக்கு இது ஏற்றது. ஆள் தெரிந்தவர், கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம், கேசட் மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. சில இடங்களில் அந்தக் கல்யாணத்தைப் படமெடுத்தவரே இன்னும் கடை நடத்துகிறார்.

ஆனால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கட்டணம் கேசட்டுக்கா, மணிக்கணக்கிலா என்பது முதலாவது. எந்த வடிவில் தருவார்கள் என்பது இரண்டாவது. மூன்று மணி நேரத்தையும் 4.7 ஜிபி கொள்ளும் ஒரே டிவிடியில் அடைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆகவே டிவிடியாக வேண்டாம், பென்டிரைவில் கோப்பாகத் தாருங்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது: எதையும் வெட்டக் கூடாது. ஸ்டுடியோக்காரர் நல்லெண்ணத்தோடுதான் "வீணான பகுதி"களை நீக்கி, புதிய பாட்டைச் சேர்த்து, தலைப்பு போட்டுத் தருவார். அவர் வீண் என்று எண்ணும் பந்திக் காட்சியில்தான் உங்கள் தாத்தா இலையைப் பார்த்தபடி, கேமரா வெளிச்சத்துக்கு ஒரு கணம் முகம் சுளித்து நிமிர்ந்திருப்பார். அவர் அசைவதைப் பார்க்க வேறு பதிவு வீட்டில் இருக்காது. பின்னணிப் பாட்டுக்காக மூல ஒலியை எடுத்துவிட்டால், பாட்டி படுகு மொழியில் யாரையோ கூப்பிட்ட அந்தக் குரலும் போய்விடும்.

பூஞ்சை பிடித்த கேசட்டை இங்கே கொடுக்காதீர்கள். அவர் டெக்கும் கெடும், அதற்குப் பின் வருபவர்களின் கேசட்டுகளும் கெடும். அதேபோல் நல்ல கேசட்டைக் கொடுக்கும் முன்பும், அந்த டெக்கை இன்று துடைத்தீர்களா என்று கேட்பதில் தவறில்லை.

## வழி 3: கீழே, தொழில்முறையாக மாற்றுபவர்களிடம் அனுப்புவது

பூஞ்சை பிடித்தவை, நாடா அறுந்தவை, கசங்கியவை ஆகியவற்றுக்கு இதுவே வழி. செலவு மற்றவற்றைவிட அதிகம். சுத்தம் செய்வதற்குத் தனிக் கட்டணமும் இருக்கும். அதற்கு ஈடாக, பூஞ்சையைத் தனி இயந்திரத்தில் துடைத்தெடுப்பது, அறுந்த நாடாவை ஒட்டுவது, காட்சி அலைவதைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வழியாகப் படத்தை எடுப்பது ஆகியவை கிடைக்க வேண்டும். இவை மூன்றும் உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் அந்த இடத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்டுகளுக்கும் இந்த வழி பொருந்தும். அவை அந்த நாட்டுத் தொலைக்காட்சியின் என்டிஎஸ்சி முறையில் பதிவானவை; நம் பழைய பால் டெக்குகள் பலவற்றில் நிறமின்றியோ உருண்டுகொண்டோதான் தெரியும். அதைக் கேசட்டின் கோளாறு என்று எண்ணி வீசிவிட வேண்டாம்.

அனுப்புவதில் கவனம் தேவை. நாடாவை ஒரு முனைவரை முழுமையாகச் சுற்றியிருந்தால் நல்லது; ஆனால் பூஞ்சை உள்ளதைச் சுற்ற முயலாமல் இருக்கும் நிலையிலேயே அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் போட்டு, புத்தகம் போல நிற்கவைத்து அடுக்குங்கள். 2,200 மீட்டருக்கும் உயரமான உதகையிலிருந்து குளிர்ந்த பெட்டி கோயம்புத்தூர் வெக்கையில் திறக்கப்பட்டால், உள்ளே நீர் பூத்துவிடும். பெட்டியைச் சில மணி நேரம் திறக்காமல் வைக்குமாறு எழுதி ஒட்டுங்கள். முடிந்தவரை கூரியரைத் தவிர்த்து, யாராவது கீழே போகும்போது கையோடு கொடுத்தனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பாமல், முதலில் அவ்வளவு முக்கியமில்லாத ஒரு கேசட்டைக் கொடுத்து வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: டெக்கை வைத்துக்கொண்டு கேசட்டாகவே பார்ப்பது

சினிமா கேசட்டுகளுக்கு இது போதும். அவற்றில் பெரும்பாலானவை வேறு வழியில் இன்னும் தெளிவாகப் பார்க்கக் கிடைக்கின்றன. வீட்டுப் பதிவுகளுக்கு இந்த வழி ஏற்றதல்ல. ஒவ்வொரு ஓட்டத்திலும் நாடா தேய்கிறது, உங்கள் கையில் அதற்கு இரண்டாவது பிரதி இல்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாமே மாற்றுவது | ஊர் ஸ்டுடியோ | கீழே அனுப்புவது | அப்படியே வைத்திருப்பது |
|---|---|---|---|---|
| எந்த நிலைக் கேசட்டுக்கு | சுத்தமானது மட்டும் | சுத்தமானது மட்டும் | பூஞ்சை, அறுந்தது, என்டிஎஸ்சி | சினிமா கேசட் |
| எண்ணிக்கை | அதிகம் | நாலைந்து | தேர்ந்தெடுத்த சில | எதுவும் |
| நம் நேரம் | மிக அதிகம் | குறைவு | குறைவு, காத்திருப்பு உண்டு | இல்லை |
| படத் தரம் | டெக்கைப் பொறுத்தது | கேட்டு வாங்கினால் நன்று | நல்ல இடமானால் மேலானது | ஓட ஓடக் குறையும் |
| மறைமுகச் செலவு | டெக் பழுது, ஸ்டெபிலைசர், ஹார்ட் டிஸ்க் | வெட்டுதல், டிவிடித் தரக்குறைவு | சுத்தம் செய்யும் கட்டணம், பயணம் | பதிவையே இழப்பது |
| அந்தரங்கம் | முழுமையாக உண்டு | அறிந்தவர் கையில் | அறியாதவர் கையில் | முழுமையாக உண்டு |

## பிரித்துக்கொடுப்பதே நடைமுறை

பெரும்பாலான வீடுகளுக்கு இவற்றில் ஒன்று மட்டும் போதாது. என் பரிந்துரை இதுதான்: கேசட்டுகளை டார்ச் வெளிச்சத்தில் மூன்றாகப் பிரியுங்கள். பூஞ்சை பிடித்தவற்றில் வேறு பிரதி இல்லாதவை கீழே போகட்டும். சுத்தமானவை ஐந்துக்கு மேல் இருந்து, வீட்டில் பொறுமையாக உட்காரக்கூடிய ஒருவரும் இருந்தால் டெக்கைச் சரிசெய்து நீங்களே மாற்றுங்கள். இல்லையென்றால் ஸ்டுடியோவில் கொடுங்கள். சினிமா கேசட்டுகளை டெக்கைச் சோதிக்கும் பலியாடுகளாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து லைன் வீடுகளில் கரண்ட் நிலையாக இல்லாதவர்கள் முதல் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்; பாதியில் நின்ற டெக்குக்குள் நாடா சிக்கிக் கிடப்பதை மீட்பது மெக்கானிக்குக்கே கடினமான வேலை.

வேலையைத் தொடங்கும் மாதமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர்வரை கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் டெக்கைத் திறப்பதும் கேசட்டை வெளியே வைப்பதும் ஈரத்தை வரவழைப்பதாகும். உறைபனி விழும் ஜனவரி இரவுகள் குளிர்ந்தாலும் பகலில் காற்று உலர்ந்திருக்கும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முடிவுவரை, காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய அறையில் இந்த வேலையைச் செய்வது நல்லது.

மாற்றிய கோப்பை எப்படி வைத்துக்கொள்வது என்பது கடைசிக் கேள்வி. டிவி (DV) எனப்படும் டிஜிட்டல் வீடியோ கோப்பு வடிவில் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 40 ஜிபி வரை போகும். முக்கியமான கேசட்டுகளை அப்படியே முழுத் தரத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், உறவினர்களுக்கு அனுப்ப எளிதான சிறிய எம்பி4 பிரதியைத் தனியாகவும் வைத்துக்கொள்ளலாம். பென்டிரைவை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றைக் கீழே காய்ந்த ஊரில் வாழும் பிள்ளைகள் வீட்டில் வையுங்கள். ஸ்டுடியோவுக்கோ மாற்றுபவருக்கோ மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு கோப்பின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஒலியோடு ஓட்டிப் பாருங்கள். மாற்றி முடித்த பிறகும் கேசட்டுகளை எறியாமல் சிலிக்கா ஜெல்லுடன் மூடி வையுங்கள். கோப்பில் ஏதாவது பகுதி விடுபட்டிருந்தால் திரும்பிப் போக அது ஒன்றுதான் இருக்கிறது.